மாவுப்பூச்சிக்கு விஷ மருந்து வேண்டாம்

அம்பத்தூர், ஆவடி பக்கம் நம் உறுப்பினர்கள் பலர் வீட்டுச் செம்பருத்தியிலும் பப்பாளியிலும் பஞ்சு ஒட்டினாற்போல் வெள்ளையாகப் படிகிறதே, என்ன நோய் என்று எங்களிடம் கேட்கிறார்கள். நோய் இல்லைங்க, சாறு உறிஞ்சும் மாவுப்பூச்சி. தண்டில் எறும்பு சாரை சாரையாக ஏறினால் இலையைத் திருப்பிப் பாருங்கள்.

அதிகம் பிடித்த கிளையை வெட்டி, சோப்புத் தண்ணீரில் முக்கிப் போடுங்கள். மற்ற இடத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி உதிர்ந்துவிடும். பிறகு 1 லிட்டர் தண்ணீரில் 10 மி.லி. வேப்பெண்ணெயும் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலும் கலக்கி, சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்கணும். வாரம் ஒருமுறை, மூணு தடவை.

விஷ மருந்து எதற்கு வேண்டாம்? பூச்சியின் மேல் மெழுகு மாவு இருப்பதால் மருந்து எளிதில் இறங்காது. 2008-ல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி வந்தபோது விவசாயிகள் பட்டது இதுதான். 2010-ல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து வரவழைத்த, கண்ணுக்கே சரியாகத் தெரியாத பொடிக் குளவிதான் அதை அடக்கியது. விஷம் அடித்தால் அந்தக் குளவியும் பொறிவண்டும் செத்துப்போகும்.