கொடைக்கானல் பனியும் குல்மார்க் பனியும் ஒன்றல்ல

ஒவ்வொரு ஜனவரியிலும் "கொடைக்கானலில் பனிப்பொழிவு" என்று டிவியில் ஓடும். திண்டுக்கல்லில் இருந்து கார்கள் கிளம்பிவிடும். உண்மையில் அங்கே எதுவும் பொழிவதில்லை. புல்மேல் வெள்ளையாகத் தெரிவது உறைபனி. தரையை ஒட்டிய காற்றில் இருந்த ஈரம் அங்கேயே உறைந்தது, அவ்வளவுதான்.

இதை வெறும் வார்த்தைக் குழப்பம்னு விட முடியாது. ஏன்னா இரண்டையும் கணிக்கும் விதமே நேர் எதிர். காஷ்மீரின் குல்மார்க்கில் பனிச்சறுக்கு நடத்துபவர்கள் மேகத்துக்காகக் காத்திருக்கிறார்கள். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து நகர்ந்து வரும் காற்றுச் சுழற்சிகளைச் சில நாள் முன்பே செயற்கைக்கோளில் பார்த்துவிடலாம். அவை ஏமாற்றினால் சறுக்க ஒன்றும் இருக்காது. 2025 பிப்ரவரியில் பனி போதாமல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளையே தள்ளிவைத்தார்கள்.

கொடைக்கானலில் மேகம் வந்தால் உறைபனி கிடையாது. இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். மேகம் அதில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும் மார்கழி, தை இரவுகள்தான் இதற்குத் தோது. காற்றும் அசையக்கூடாது. அசைந்தால் மேலே உள்ள வெப்பமான காற்று கீழே கலந்துவிடும்.

சரி, போனில் 7 டிகிரி காட்டும்போது புல் எப்படி உறைகிறது? திண்டுக்கல் சுமார் 270 மீட்டர், கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி என்று போட்டால் வித்தியாசம் 12 டிகிரி. இங்கே 19 என்றால் அங்கே 7. கணக்கு சரிதான், ஆனால் அது காற்றின் கணக்கு. வெப்பமானி தரைக்கு ஒரு மீட்டருக்கு மேலே, நிழல் பெட்டிக்குள் இருக்கிறது. தெளிந்த இரவில் புல் நுனி அதைவிடப் பல டிகிரி குளிர்ந்துவிடும். போதாக்குறைக்கு, குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் தண்ணீர் மாதிரி வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் ஏரிக்கரையும் ஜிம்கானா மைதானமும் முதலில் வெளுக்கின்றன. உலக அளவிலான கணிப்பு மாடல்களின் ஒரு கட்டம் சுமார் 10 கிலோமீட்டர் அகலம். மேடும் பள்ளமும் அதில் ஒரே எண்ணாகிவிடும்.

சுற்றுலாவுக்கு இது வேடிக்கை. மேல்மலையில் உருளைக்கிழங்கு போட்டிருக்கும் நண்பருக்கு அப்படி இல்லை, ஒரே இரவில் இலை கருகிவிடும். முன்கூட்டியே தெரிந்தால் மாலையே தண்ணீர் பாய்ச்சலாம்; ஈர மண் பகல் வெப்பத்தை அதிகம் பிடித்துவைத்து இரவில் விடும். அதனால் ஆறு மணிக்குக் கேட்பார்: "இன்னிக்கு விழுமா?" நான் பார்ப்பது மூன்று: மேகம், காற்று, பனிநிலை வெப்பம். மூன்றாவது முக்கியம். அது பூஜ்ஜியத்துக்கு நன்றாக மேலே இருந்தால், பனித்துளி படியும்போது வெளிவரும் வெப்பமே குளிர்வதை மெதுவாக்கிவிடும்.

போன தையில் ஒருநாள் மாலை மேகம் இருந்தது. "விழாதுண்ணே" என்றேன். இரண்டு மணிக்கு மேகம் கலைந்துவிட்டது. காலையில் வாட்ஸ்அப்பில் வந்தது கருகிய இலைகளின் போட்டோ மட்டும்தான், ஒரு வார்த்தை இல்லை. அதிலிருந்து ஆறு மணிக்குப் பதில் சொல்வதில்லை. ஒன்பது மணி இன்சாட் படத்தில் கிழக்கே மேகம் எங்கே முடிகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கூப்பிடுகிறேன். அவரும் மோட்டார் சுவிட்ச் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.