இரு கூடாரத்து வீரர்கள் ஒரே ஏட்டில்

தலைநகரில் நாம் வசிக்கும் அரசுக் குடியிருப்பின் மாடிப்படியில் மாலை வேளைகளில் சிறுவர் கூட்டம் ஒன்று கூடுவதுண்டு. தமிழ், பஞ்சாபி, மலையாளம், வங்காளி என வீட்டு மொழி வெவ்வேறாயினும் அவர்கள் நடத்தும் வழக்கு ஒன்றே. சூப்பர்மேனும் ஸ்பைடர்மேனும் மோதினால் வெல்பவர் யார்? இருவரும் ஒன்று சேர்ந்தால் அவர்களை எதிர்க்கத்தக்க பகைவன் யார்? பெரியோர் இதனைச் செவிமடுத்துப் புன்முறுவலுடன் கடந்து செல்கின்றனர். ஆயினும் இதே வினாவின் பொருட்டு அமெரிக்க நாட்டின் இரு பெரும் சித்திரக்கதைப் பதிப்பகங்கள் பன்முறை கூடிப் பேசியிருக்கின்றன. ஒருமுறை அப்பேச்சு முறிந்து, கைவிட்ட பணி நிறைவேற இருபது ஆண்டுகள் சென்றன. சிறுவன் ஒருவன் நொடிப்பொழுதில் மனத்துள் முடித்துவிடும் காரியம் இவ்வளவு கடினமானது ஏன் என்பதை நேயர்களுக்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

முதலில் யார் எந்தக் கூடாரத்தைச் சேர்ந்தவர் என்பதை அறிதல் வேண்டும். சூப்பர்மேன் 1938ஆம் ஆண்டிலும், பேட்மேன் 1939ஆம் ஆண்டிலும் தோன்றினர்; இவர்கள் டி.சி. என்னும் நிறுவனத்தின் உடைமை. 1962இல் தோன்றிய ஸ்பைடர்மேனும் ஹல்க்கும் மார்வெல் நிறுவனத்தின் உடைமை. டி.சி. வீரர்கள் பெரும்பாலும் மெட்ரோபோலிஸ், கோதம் போன்ற கற்பனை நகரங்களில் உலவுகின்றனர். மார்வெல் வீரர்களோ மெய்யான நியூயார்க் நகரத்தில் வாடகைக்கும் சளிக்கும் வருந்தி வாழ்கின்றனர்.

‘உடைமை’ என்னும் சொல்லை நாம் வேண்டுமென்றே இட்டோம். கிளீவ்லண்டு நகரத்து இளைஞர்களான ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் ஆகிய இருவருமே சூப்பர்மேனைப் படைத்தவர்கள். 1938இல் 130 டாலர் பெற்றுக்கொண்டு அவ்வீரனுக்குரிய உரிமை முழுவதையும் அவர்கள் பதிப்பகத்தாருக்கு எழுதிக் கொடுத்துவிட்டனர். அக்கணமுதல் அவ்வீரன் யாருடன் நட்புக் கொள்வான், யாருடன் பொருதுவான் என்று முடிவு செய்யும் உரிமை அவனைப் பெற்றெடுத்தவர்களிடம் இல்லை. ஏனைய வீரர்கள் பலருடைய நிலையும் இத்தகையதே. எனவே இரு பதிப்பகங்களின் வீரர்கள் ஒரே கதையில் சந்திப்பதற்கு எழுத்தாளருடைய கற்பனை போதாது. இரு உடைமையாளரும் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டாக வேண்டும்.

ஒப்பந்தம் இல்லாக் காலத்தில் எழுத்தாளர்கள் வேறு வழி தேடினர். 1969இல் ராய் தாமஸ் என்னும் மார்வெல் எழுத்தாளர், தம் அவெஞ்சர்ஸ் குழுவினரை நால்வர் கொண்ட பகைவர் கூட்டம் ஒன்றுடன் மோத விட்டார். பெயரும் உடையும் வேறாயினும், அந்நால்வரும் டி.சி.யின் சூப்பர்மேன், பேட்மேன் முதலியோரின் சாயல் என்பதை வாசகர் கண்டுகொண்டனர். 1972இல் நிகழ்ந்தது இதனினும் சுவையானது. வெர்மான்ட் மாநிலத்தில் ரட்லண்டு என்றோர் ஊர். அங்கு அக்டோபர்த் திங்களின் இறுதியில், மக்கள் வீரர்களைப் போல் வேடமிட்டு ஊர்வலம் செல்வது வழக்கம். இளம் எழுத்தாளர் மூவர் அவ்வூர்வலத்தைப் பின்னணியாக வைத்து, ஒரே இரவின் நிகழ்ச்சிகளை மூன்று ஏடுகளில் பகிர்ந்து எழுதினர். அவற்றுள் இரண்டு மார்வெலின் ஏடுகள், ஒன்று டி.சி.யின் ஏடு. எதிர்க்கூடாரத்து வீரரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. எழுத்தாளர்களே கதைமாந்தராய் மூன்றிலும் நடமாடினர். மூன்று ஏடுகளையும் வாங்கிய வாசகன் மட்டுமே மறைவை உணர்ந்தான். அனுமதி பெறாமல் எல்லை கடந்த இக்குறும்பை நாம் பெரிதும் இரசிக்கிறோம்.

அம்மூவருள் ஒருவரான ஜெர்ரி கான்வேயிடமே, 1976இல் வெளிவந்த முதலாவது முறையான சந்திப்பை எழுதும் பணி வந்து சேர்ந்தது. ஓவியம் ராஸ் ஆண்ட்ரு. இவர் சூப்பர்மேனையும் ஸ்பைடர்மேனையும் முன்னரே வரைந்து பழகியவர். சாதாரண இதழ் 25 சென்டுக்கு விற்ற நாளில், பெரிய அளவில் அச்சான இந்நூலின் விலை இரண்டு டாலர்.

கதையைக் காட்டிலும் அதன் அமைப்பே நம் கருத்தைக் கவர்ந்தது. தொடக்கத்தில் சூப்பர்மேனுக்கு ஒரு தனி நிகழ்ச்சி, ஸ்பைடர்மேனுக்கு ஒரு தனி நிகழ்ச்சி. இவனுடைய பகைவன் லெக்ஸ் லூதர், அவனுடைய பகைவன் டாக்டர் ஆக்டோபஸ். சிறையில் இவ்விருவரும் கூட்டுச் சேர்கின்றனர். எதிலும் தராசு முள் சாய்ந்துவிடலாகாது. ஆனால் ஓர் இடர் எழுந்தது. சூப்பர்மேன் மலையைப் பெயர்ப்பவன். ஸ்பைடர்மேனோ அவனுக்கு ஈடாகாதவன். ஒரே குத்தில் கதை முடிந்துவிடுமே! இதற்கென லூதர் ஒரு கதிரைச் செலுத்தி ஸ்பைடர்மேனுக்குச் சிறிது நேரம் மிகுவலிமை ஊட்டுவதாகக் கதை புனையப்பட்டது. அதன் வேகம் தணிந்தபின் அவன் ஓங்கிக் குத்தும்போது அவன் கையே நோகின்றது. அதற்குமேல் சண்டையை வளர்க்காமல் இருவரும் நண்பராகின்றனர். வெற்றி யாருக்கு என்று மாடிப்படிச் சிறுவர் நம்மைக் கேட்டால், ஒப்பந்தத்துக்கு என்றே விடை கூறுவோம்.

நாம் மொழிபெயர்ப்புப் பணியில் ஈடுபட்டிருப்பவராதலின் இவ்விடத்தில் ஒரு செய்தி நினைவுக்கு வருகின்றது. இரு நாடுகள் உடன்படிக்கை செய்துகொள்ளும்போது எந்நாட்டின் பெயர் முதலில் வருவது என்னும் பூசல் எழாமலிருக்க ஒரு மரபு உண்டு. பத்திரம் இரு படிகளாக எழுதப்படும். ஒவ்வொரு நாடும் தன் பெயரை முதலிற் கொண்ட படியைத் தான் வைத்துக்கொள்ளும். சித்திரக்கதைப் பதிப்பகங்களும் இதே மரபுக்கு வந்து சேர்ந்தன என்பதை அறிந்தபோது நாம் வியந்தோம். 1996இல் இரு கூடாரத்தாரும் நேருக்கு நேர் மோதும் தொடர் ஒன்று நான்கு இதழ்களாக வந்தது. முதல் இதழும் நான்காம் இதழும் ‘டி.சி. எதிர் மார்வெல்’ என்னும் பெயரில் டி.சி.யால் வெளியிடப்பட்டன, நடுவிலுள்ள இரண்டும் ‘மார்வெல் எதிர் டி.சி.’ என்னும் பெயரில் மார்வெலால் வெளியிடப்பட்டன.

அத்தொடரில் ஐந்து போர்களின் முடிவை வாசகரின் வாக்குக்கே விட்டனர். சூப்பர்மேன் ஹல்க்கையும், பேட்மேன் கேப்டன் அமெரிக்காவையும் வென்றனர். ஸ்பைடர்மேன் சூப்பர்பாயையும், வுல்வரின் லோபோவையும், ஸ்டார்ம் வொண்டர் உமனையும் வென்றனர். வலிமையை நிறுத்துப் பார்ப்பவர் கடைசி இரண்டையும் இன்றளவும் ஒப்புவதில்லை. வாக்குப்பெட்டி வலிமையை அளப்பதில்லை, விருப்பத்தை அளக்கின்றது. இரு உலகுகளுக்கும் இடையிலுள்ள வாயிலைக் காக்கும் ஆக்செஸ் என்னும் புதியவன் ஒருவனும் அத்தொடரில் படைக்கப்பட்டான். அவன் இரு நிறுவனங்களுக்கும் பொதுவுடைமை. பொதுவுடைமை என்பதனாலேயே மற்றவரை விடுத்து ஒருவர் அவனை ஆள இயலாது. பிற்காலத்தில் அவனை அரிதாகவே காண்கிறோம்.

இனி, இருபது ஆண்டு தாமதித்த நூலின் வரலாற்றுக்கு வருவோம். 1981, 1982ஆம் ஆண்டுகளில் மேலும் சில சந்திப்புகள் நன்முறையில் நிகழ்ந்தபின், டி.சி.யின் ஜஸ்டிஸ் லீக் குழுவும் மார்வெலின் அவெஞ்சர்ஸ் குழுவும் ஒருங்கே தோன்றும் நூலுக்குத் திட்டமிட்டனர். அதனை வரைய அமர்ந்தவர் ஜார்ஜ் பெரெஸ். ஒரு சட்டத்துக்குள் நூறு முகங்களை வரைந்தாலும் ஒவ்வொரு முகத்துக்கும் தனி உணர்ச்சி தரவல்லவர் அவர். 1983இல் ஏறத்தாழ இருபது பக்கங்களை வரைந்து முடித்த நிலையில், கதைப்போக்கைப் பற்றி இரு நிறுவனங்களுக்கும் கருத்து வேறுபாடு முற்றிற்று, பணி நின்றது. வரைந்த தாள்கள் பெட்டிக்குள் போயின. அப்போது அவருக்கு வயது முப்பதுகூட நிரம்பவில்லை.

அந்நூல் 2003, 2004ஆம் ஆண்டுகளில்தான் நான்கு பகுதிகளாக வெளிவந்தது. கதையைக் கர்ட் பியூசிக் புதிதாக எழுதினார். வரைந்தவர் அதே பெரெஸ். இங்கும் தலைப்புகள் பகுதிக்குப் பகுதி முன்பின்னாக மாறின. மூன்றாம் பகுதியின் அட்டையில், இரு குழுக்களிலும் அதுவரை இடம்பெற்ற உறுப்பினர் அனைவரையும், இருநூற்றுக்கும் மேற்பட்டோரை, அவர் நெருக்கி வரைந்திருக்கிறார்.

இவ்வகை நூல்களுள் இதுவே தலைசிறந்தது என்பது நம் துணிபு. காரணம் சண்டை அன்று. அயல் உலகுக்கு விருந்தாகச் சென்ற சூப்பர்மேன், இத்தனை ஆற்றல் படைத்தவர்கள் தம் உலகை இவ்வளவு துன்பத்தில் விட்டுவைத்திருப்பது ஏன் என்று அவெஞ்சர்ஸ் குழுவினரைக் குறை காண்கிறான். கேப்டன் அமெரிக்காவோ, டி.சி. உலகில் வீரர்களுக்கு எழுப்பப்பட்ட நினைவகங்களையும் மக்கள் காட்டும் பணிவையும் கண்டு, இவர்கள் காவலரா, மக்களை அடக்கியாளும் தெய்வங்களா என ஐயுறுகிறான். இருவர் கூறுவதிலும் உண்மை உண்டு. ஒரே கூடாரத்துக்குள் இருந்தவரை எவருக்கும் எழாத வினாக்கள் இவை. சொந்த ஊரைவிட்டு வந்து வேற்று மாநிலத்தில் குடியேறிய நம்மனோர்க்கு இத்தகைய பார்வை புதிதன்று. புது ஊரின் பழக்கத்தைக் கண்டு முதலில் முகம் சுளிப்போம். சில ஆண்டுகள் சென்றபின் விடுமுறையில் ஊர் திரும்புகையில், அங்குள்ள பழக்கமும் நம் கண்ணுக்கு வேறாகத் தோன்றும்.

அதற்குப்பின் மீண்டும் கதவு அடைபட்டது. டி.சி. வார்னர் குழுமத்தின் பகுதியாகவே இருந்தது. மார்வெலை 2009இல் டிஸ்னி நிறுவனம் வாங்கியது. திரைப்படங்களில் பெரும்பொருள் புரளத் தொடங்கியபின், ஏட்டு வீரனை இரவல் தருவது முன்போல் எளிதாயில்லை. பெரெஸின் நூலும் கடைகளில் கிடைப்பது அரிதாயிற்று. 2021 டிசம்பரில், தமக்குக் கணையப் புற்றுநோய் முற்றிவிட்டதென்றும் ஓராண்டுக்குமேல் வாழ்வதற்கில்லை என்றும் பெரெஸ் வெளிப்படையாக அறிவித்தார். இம்முறை ஒப்பந்தத்துக்கு இருபது ஆண்டுகள் ஆகவில்லை. இரு நிறுவனங்களும் சில வாரங்களிலேயே இசைந்தன. நலிவுற்ற சித்திரக்கதைக் கலைஞருக்கு உதவும் ஹீரோ இனிஷியேட்டிவ் என்னும் அறநிறுவனம், 2022இல் அந்நூலை 7,000 படிகள் மறுபதிப்புச் செய்தது. அவ்வாண்டு மே 6ஆம் நாள், அறுபத்தேழாம் வயதில் பெரெஸ் காலமானார்.

2025இல் கதவு மறுபடியும் திறந்தது. செப்டம்பரில் மார்வெல் ‘டெட்பூல், பேட்மேன்’ என்றோர் இதழை வெளியிட, நவம்பரில் டி.சி. ‘பேட்மேன், டெட்பூல்’ என்று வெளியிட்டது. இரு படிகள் எழுதும் மரபு இங்கும் வழுவவில்லை.

உடைமையாளரின் இசைவே தேவைப்படாத நாளும் வரத்தான் போகிறது. அமெரிக்கச் சட்டப்படி இத்தகைய வெளியீடுகளின் பதிப்புரிமை தொண்ணூற்றைந்து ஆண்டுகள் நீடிக்கும். அதன்படி 2034ஆம் ஆண்டின் முதல் நாளில் 1938ஆம் ஆண்டுச் சூப்பர்மேன் பொதுச் சொத்தாவான். அவன் பறக்க அறியாதவன். தாவ மட்டுமே அறிந்தவன். பறக்கும் ஆற்றல் பின்னாளில் சேர்ந்தது. வணிகக்குறிகளுக்கான சட்டம் வேறு என்பதால் மார்பிலுள்ள சின்னத்தை எவரும் எச்சரிக்கையோடுதான் கையாள வேண்டியிருக்கும். ஸ்பைடர்மேனுக்கு அந்நாள் 2058இல் வரும்.

இத்தேதிகளை மாடிப்படிச் சிறுவர்க்கு எடுத்துரைத்தோம். அவர்களுள் மூத்தவன், 2058இல் தனக்கு என்ன வயதாகும் என்று விரல் மடித்து எண்ணிப் பார்த்தான். பிறகு நம்மை மறந்து, விட்ட இடத்திலிருந்து வழக்கைத் தொடர்ந்தான்.