புதிதாகக் கட்டமைத்த கணினியில் விண்டோஸ் நிறுவ முடியவில்லையா? பாகத்தைத் திருப்பி அனுப்பும் முன் கவனிக்க வேண்டியவை

ரேணிகுண்டா: சித்தூர் மாவட்டத்தில் இருந்து 2022 ஏப்ரலில் புதிய திருப்பதி மாவட்டத்திற்கு மாறிய ரேணிகுண்டாவும் அதன் சுற்றுப்புறமும், கடந்த பத்தாண்டுகளில் மின்னணுப் பொருள் உற்பத்திக்குப் பெயர் பெற்றுள்ளன. டிசிஎல் குழுமத்தின் திரை உற்பத்தி ஆலை ஏர்ப்பேடு அருகே விக்ருதமாலாவில் அமைந்துள்ளது. 2022 செப்டம்பரில் முனோத் நிறுவனத்தின் லித்தியம் மின்கல ஆலை திருப்பதியில் சோதனை உற்பத்தியைத் தொடங்கியது. ஆயினும், இப்பகுதியில் வீட்டுக்கென ஒரு கணினியைத் தாமே கட்டமைக்க விரும்புவோர் பலரும் அதன் பாகங்களுக்குச் சென்னை ரிச்சி தெருவையோ, இணைய விற்பனைத் தளங்களையோதான் நாடுகின்றனர்.

பாகங்களைப் பொருத்துவது ஒரு பிற்பகல் வேலை. அதன் பிறகு இயங்குதளத்தை நிறுவும் கட்டத்தில்தான் பலர் தடுமாறுகின்றனர். திரையில் ஒரு பிழைச் செய்தி தோன்றியதும், வாங்கிய மதர்போர்டோ எஸ்எஸ்டியோ பழுது என்ற முடிவுக்கு வந்துவிடுகின்றனர். ரேணிகுண்டா சந்திப்பில் இருந்து சென்னை சென்ட்ரல் சுமார் 135 கிலோமீட்டர். பாகத்தை எடுத்துக்கொண்டு சென்று, கடைக்காரர் சோதித்துவிட்டு 'நன்றாகத்தானே இருக்கிறது' என்று திருப்பித் தந்தால், ஒரு நாளும் பயணச் செலவும் வீண்.

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுக்கு வந்ததால், புதிதாகக் கட்டமைப்போர் பெரும்பாலும் விண்டோஸ் 11-ஐயே நிறுவுகின்றனர். முந்தைய பதிப்புகளைவிட அது கூடுதல் நிபந்தனைகளை விதிக்கிறது. அதன் நிறுவல் கோப்பு தமிழிலோ தெலுங்கிலோ கிடைப்பதில்லை. நிறுவி முடித்த பிறகே தமிழ் மொழித் தொகுப்பைச் சேர்க்க இயலும். ஆகவே, எச்சரிக்கைகள் அனைத்தும் ஆங்கிலத்திலேயே வரும். அவற்றின் பொருள் புரியாமல் அடுத்த பொத்தானை அழுத்துவதே பல சிக்கல்களுக்குத் தொடக்கம்.

பயாஸ் திரையே எல்லைக்கோடு

கணினியை இயக்கியவுடன் டெலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்தினால் மதர்போர்டின் பயாஸ் திரை தோன்றும். செயலி, நினைவகம், எஸ்எஸ்டி ஆகிய மூன்றின் பெயரும் அளவும் அதில் சரியாகத் தெரிந்தால், பாகங்கள் அடிப்படையில் இயங்குகின்றன என்று கொள்ளலாம். அதற்குப் பிறகு ஏற்படும் தடைகளில் பெரும்பாலானவை அமைப்பு சார்ந்தவை. பயாஸிலேயே ஒரு பாகம் தெரியவில்லை என்றால், அது பொருத்துதல் அல்லது பழுது சார்ந்தது. சோதனையை இந்த இடத்தில் இருந்து தொடங்குவதே நேரத்தை மிச்சப்படுத்தும்.

பயாஸ் திரையே வரவில்லை எனில், முதலில் காத்திருக்க வேண்டும். டிடிஆர்5 நினைவகத்தைப் பயன்படுத்தும் ஏஎம்டியின் ஏஎம்5 வகைப் பலகைகள், முதன்முறை இயக்கும்போது நினைவகத்தைப் பரிசோதித்துப் பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். பதற்றத்தில் மின்சாரத்தைத் துண்டித்தால், அந்தப் பணி மீண்டும் முதலில் இருந்து தொடங்கும்.

அதன் பின்னரும் மாற்றமில்லை எனில், செயலிக்கு அருகே உள்ள 8 முனை மின்கம்பி பொருத்தப்பட்டுள்ளதா, நினைவகப் பட்டைகள் கிளிக் என்ற ஒலியுடன் அமர்ந்துள்ளனவா என்று பார்க்க வேண்டும். இரண்டு பட்டைகள் இருந்தால், பெரும்பாலான பலகைகளில் செயலியில் இருந்து எண்ணும்போது இரண்டாம், நான்காம் இடங்களே அவற்றுக்கு உரியவை. மானிட்டர் கம்பியை மதர்போர்டில் செருகிவிட்டுக் காத்திருப்போரும் உண்டு. இன்டெல் செயலியின் பெயர் 'எஃப்' என்ற எழுத்தில் முடிந்தால் அதில் உள்ளமைந்த வரைகலை வசதி கிடையாது. கிராபிக்ஸ் அட்டையில்தான் கம்பியைச் செருக வேண்டும்.

பழைய இருப்பில் உள்ள பலகையும் புதிய செயலியும் சேரும்போது வேறொரு சிக்கல் எழலாம். 2018இல் வந்த பி450 பலகை, 2020இல் வந்த ரைசன் 5000 செயலியைப் பயாஸ் புதுப்பிப்பு இல்லாமல் அடையாளம் காணாது. பலகையில் பயாஸ் ஃபிளாஷ்பேக் வசதி இருந்தால், செயலியின் உதவியின்றியே பென் டிரைவ் மூலம் புதுப்பிக்கலாம். அந்தச் சில நிமிடங்களில் மின்வெட்டு ஏற்பட்டால் பலகை செயலிழக்கக்கூடும் என்பதால், யுபிஎஸ் இணைப்பில் செய்வதே பாதுகாப்பானது.

பென் டிரைவில் நகலெடுத்தால் மட்டும் போதாது

இணையத்தில் இருந்து பதிவிறக்கிய ஐஎஸ்ஓ கோப்பை அப்படியே பென் டிரைவில் நகலெடுப்பது பரவலாகக் காணப்படும் தவறு. அவ்வாறு செய்தால் கணினி அதனை நிறுவல் சாதனமாக ஏற்காது. குறைந்தது 8 ஜிபி கொள்ளளவுள்ள பென் டிரைவை, மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் அல்லது ரூஃபஸ் மென்பொருள் மூலம் வேறொரு கணினியில் தயாரிக்க வேண்டும். பென் டிரைவில் ஏற்கெனவே உள்ளவை அழிந்துவிடும்.

தயாரித்த பின், இயக்கும்போது பூட் மெனுவைத் திறக்க வேண்டும். அதற்கான விசை கிகாபைட் பலகைகளில் எஃப்12, எம்எஸ்ஐ மற்றும் ஏஸ்ராக் பலகைகளில் எஃப்11, ஏசஸ் பலகைகளில் எஃப்8. பட்டியலில் ஒரே பென் டிரைவ் இருமுறை தோன்றினால், 'யுஇஎஃப்ஐ' என்ற முன்னொட்டு உள்ளதையே தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றொன்றைத் தேர்ந்தெடுத்தால், பின்னர் வரும் வட்டுப் பிரச்சினைக்கு அதுவே காரணமாகிவிடும்.

கோப்புகள் நகலாகி, கணினி முதன்முறை மறுதொடக்கம் ஆனதும் மீண்டும் மொழித் தேர்வுத் திரையே வருகிறது எனில், நிறுவல் தோல்வியடையவில்லை. கணினி மறுபடியும் பென் டிரைவில் இருந்து தொடங்கியிருக்கிறது, அவ்வளவே. அதனை அகற்றிவிட்டு மறுதொடக்கம் செய்தால் பணி தொடரும்.

'இந்தக் கணினியில் இயங்காது' என்ற செய்தி

2021 அக்டோபர் 5 அன்று வெளியான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சத்தையும் செக்யூர் பூட் வசதியையும் கோருகிறது. டிபிஎம் என்பதைத் தனி சில்லாக வாங்க வேண்டும் என்று கருதுவோர் உண்டு. தற்போதைய செயலிகளில் அது உள்ளமைந்தே வருகிறது. சில பலகைகளில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். பயாஸில் ஏஎம்டி எனில் எஃப்டிபிஎம், இன்டெல் எனில் பிடிடி என்ற பெயரில் காணலாம். அதனை இயக்கி, பழைய முறையிலான சிஎஸ்எம் அமைப்பை அணைத்தால் பெரும்பாலும் இச்செய்தி மறைந்துவிடும்.

வட்டு தெரியவில்லை, அல்லது ஏற்கப்படவில்லை

அதிகம் குழப்புவது இக்கட்டமே. எங்கே நிறுவுவது என்று கேட்கும் திரையில் எந்த வட்டும் இல்லாமல் பட்டியல் காலியாக இருக்கலாம். அப்போது மீண்டும் பயாஸுக்குச் சென்று பார்க்க வேண்டும். அங்கே எஸ்எஸ்டி தெரிகிறது, நிறுவல் திரையில் மட்டும் தெரியவில்லை என்றால் எஸ்எஸ்டி பழுதில்லை. 11ஆம் தலைமுறை முதல் இன்டெல் கணினிகளில் விஎம்டி என்ற சேமிப்பக மேலாண்மை வசதி இயக்கத்தில் இருந்தால், அதற்கான டிரைவர் இன்றி விண்டோஸ் நிறுவல் வட்டைக் காணாது. பலகை நிறுவனத்தின் தளத்தில் இருந்து இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரைப் பதிவிறக்கி, விரித்து, பென் டிரைவில் வைத்து, 'லோட் டிரைவர்' வழியே ஏற்றலாம். ஒரே ஒரு எஸ்எஸ்டி உள்ள வீட்டுக் கணினிக்கு விஎம்டியை அணைத்துவிடுவதே எளிது. ஆனால், அதனை நிறுவலுக்கு முன்பே செய்ய வேண்டும். நிறுவிய பின் மாற்றினால் விண்டோஸ் தொடங்காமல் போகக்கூடும்.

பயாஸிலும் தெரியவில்லை எனில், எம்.2 வகை எஸ்எஸ்டியைக் கழற்றி மீண்டும் சரியான சாய்வில் செருகித் திருகிட வேண்டும். சாட்டா வகை எம்.2 எஸ்எஸ்டியை, என்விஎம்இ வகையை மட்டுமே ஏற்கும் இடத்தில் பொருத்தினாலும் அது தெரியாது. சில பலகைகளில் குறிப்பிட்ட எம்.2 இடத்தைப் பயன்படுத்தினால், ஓரிரு சாட்டா இணைப்புகள் தாமாகவே செயலிழக்கும். பலகையின் கையேட்டில் இந்த விவரம் சிறிய எழுத்தில் இருக்கும்.

மூன்றாவது நிலை சற்று ஆபத்தானது. வட்டு தெரிகிறது, ஆனால், அதில் எம்பிஆர் பகுப்பு அட்டவணை இருப்பதாகவும், ஜிபிடி வட்டில் மட்டுமே நிறுவ இயலும் என்றும் செய்தி வருகிறது. (சாட்ஜிபிடிக்கும் இந்த ஜிபிடிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.) எம்பிஆர் என்பது 1983இல் பிசி டாஸ் 2.0 உடன் வந்த பழைய முறை. புதிய எஸ்எஸ்டியில் இச்செய்தி வருவது அரிது. பழைய கணினியில் இருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை மறுபயன்பாடு செய்யும்போதுதான் பெரும்பாலும் வரும்.

இதற்குத் தீர்வாக, ஷிஃப்ட் எஃப்10 அழுத்தி, டிஸ்க்பார்ட் மென்பொருளில் 'கிளீன்' என்று தட்டச்சு செய்யுமாறு பல காணொளிகள் மிக எளிதாகக் கூறிவிடுகின்றன. தேர்ந்தெடுத்த வட்டின் பகுப்பு விவரங்கள் அனைத்தையும் அந்த ஒரு சொல் அழித்துவிடும். உறுதிப்படுத்தும் கேள்வி எதுவும் வராது. வட்டு எண் 0, 1 என மட்டுமே காட்டப்படுவதால், தவறான எண்ணைத் தேர்ந்தெடுத்தால் பல ஆண்டுக் குடும்பப் படங்களும் ஆவணங்களும் கண் இமைக்கும் நேரத்தில் போய்விடும்.

ஆகவே, நிறுவல் முடியும் வரை பழைய ஹார்ட் டிஸ்க்கின் கம்பியைக் கழற்றி வைப்பது நல்லது. இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு வட்டுகள் இணைந்திருந்தால், விண்டோஸ் தன் தொடக்கக் கோப்புகளைச் சில வேளைகளில் பழைய வட்டில் எழுதிவிடும். மாதங்கள் கழித்து அந்த வட்டைக் கழற்றும்போது, புதிய எஸ்எஸ்டி நலமாக இருந்தும் கணினி தொடங்காது.

இணையம் கேட்டு நிற்கும் திரை

நிறுவல் முடியும் தறுவாயில், விண்டோஸ் 11 இணைய இணைப்பையும் மைக்ரோசாஃப்ட் கணக்கையும் கேட்கும். புதிய பலகையின் வைஃபை அல்லது லேன் சில்லுக்கான டிரைவர் நிறுவல் கோப்பில் இல்லாவிட்டால், இணையம் இல்லாமல் மேலே செல்லவும் முடியாது. டிரைவர் இல்லாமல் இணையத்தைப் பெறவும் முடியாது. ஆண்ட்ராய்டு கைபேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து, யுஎஸ்பி டெதரிங் வசதியை இயக்கினால் பெரும்பாலும் இந்தச் சுழல் உடைந்துவிடும். இத்திரையைக் கடந்து செல்லும் குறுக்குவழிக் கட்டளைகளை மைக்ரோசாஃப்ட் படிப்படியாக நீக்கி வருவதால், அவற்றை நம்பியிருக்க வேண்டியதில்லை.

தயாரிப்பு எண் கேட்கப்படும் இடத்தில், அது தற்போது இல்லை என்று தெரிவித்தும் தொடரலாம்; உரிமத்தைப் பிறகு வாங்கிச் செயல்படுத்தலாம். கணினி முழுமையாக இயங்குகிறது என்று உறுதியான பின் உரிமத்திற்குச் செலவிடுவதே பொருத்தம்.

ஒவ்வொரு முறையும் வெவ்வேறு சதவீதத்தில் நின்றுவிடுகிறது, நீலத்திரை வருகிறது, கோப்பு சிதைந்துள்ளதாகச் செய்தி வருகிறது என்றால் ஐயம் நினைவகத்தின் மீதோ பென் டிரைவின் மீதோ திரும்ப வேண்டும். எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ எனப்படும் வேகக்கூட்டல் அமைப்பை அணைத்துவிட்டு, ஒரே ஒரு நினைவகப் பட்டையுடன் முயன்று பார்க்கலாம். மெம்டெஸ்ட்86 மென்பொருள் அதே பட்டையில் பிழை காட்டினால், அது மாற்றப்பட வேண்டிய பாகமே.

லினக்ஸ் என்ற சாட்சி

விண்டோஸ் மட்டுமே வேண்டும் என்போருக்கும் லினக்ஸ் ஒரு வகையில் உதவும். உபுண்டு போன்றவற்றை வட்டில் நிறுவாமல் பென் டிரைவில் இருந்தே இயக்கிப் பார்க்கலாம். அதில் எஸ்எஸ்டியும் இணையமும் ஒலியும் சரியாக இயங்கினால், வன்பொருளில் குறையில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. சி-டாக் நிறுவனம் 2007 முதல் வெளியிட்டு வரும் பாஸ் லினக்ஸ், தமிழ், தெலுங்கு உள்ளிட்ட இந்திய மொழிகளில் பயன்படுத்தக்கூடியது. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் இதுவும் இடம்பெற்றிருந்ததால், பலருக்கு அறிமுகமானதே.

இவ்வளவுக்குப் பின்னரும் பயாஸில் தென்படாத எஸ்எஸ்டி, சோதனையில் பிழை காட்டும் நினைவகம் போன்றவையே திருப்பி அனுப்பத் தக்கவை. பிழைத் திரையைப் படம் எடுத்து வைப்பதுடன், ரசீதையும் வரிசை எண் உள்ள அட்டைப் பெட்டியையும் பாதுகாக்க வேண்டும். விற்பனையாளர் மாற்றித் தர மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐத் தமிழிலும் தெலுங்கிலும் அணுகலாம். 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொருளைச் சென்னையில் வாங்கியிருந்தாலும், வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் அளிக்கலாம்.