பேறுகாலத்திற்கு முன்னும் பின்னும் உடற்பயிற்சி

விடியற்காலையிலேயே பால்மரம் வெட்டச் செல்லும் பெண்ணுக்குத் தனியே உடற்பயிற்சி எதற்கு என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானதே. ஆயினும், குனிந்து மரம் வெட்டுவதும் வாளி சுமப்பதும் இடுப்பிற்குச் சுமையேற்றுகின்றனவேயன்றி, கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் கீழிருந்து தாங்கும் தசைகளை வலுப்படுத்துவதில்லை. அவை தளர்ந்தால் இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசியும். வெட்கத்தால் இதனை வெளியிற் கூறாது ஆண்டுக்கணக்கில் துன்புறும் தாய்மார் பலர்.

ஜெர்மனியில் பிறந்த ஜோசப் பிலாட்டீஸ் வகுத்த, மூச்சோடு இயைந்த பயிற்சிமுறை இன்று கர்ப்பிணிகளுக்கேற்ப மாற்றிக் கற்பிக்கப்படுகின்றது. விரிக்க ஒரு பாய் போதும். தாதியிடம் கேட்டறிந்தே தொடங்குதல் வேண்டும். சிறுநீரை அடக்குவதுபோல் அத்தசைகளைச் சுருக்கி, சில விநாடி நிறுத்தித் தளர்த்துக. 10 முறை, நாளுக்கு 3 வேளை. சிறுநீர் கழிக்கையில் இதனைச் செய்யலாகாது. மூச்சையும் அடக்கலாகாது. நான்காம் மாதத்திற்குப்பின் மல்லாந்து படுத்துச் செய்தல் தகாது. கருப்பை பெரிய இரத்தக் குழாயை அழுத்தித் தலைசுற்றலை உண்டாக்கும். உதிரப்போக்கு, பனிநீர்க் கசிவு, நெஞ்சுவலி, கெண்டைக்கால் வீக்கம் தோன்றின் உடனே நிறுத்தி மருத்துவரை நாடுக.

பிரசவத்திற்குப்பின், வலியில்லையெனில் சில நாளிலேயே இச்சுருக்கப் பயிற்சியைத் தொடரலாம். வயிற்றுப் பயிற்சிக்கோ அவசரங் கூடாது. ஆறாம் வாரப் பரிசோதனை முடியட்டும். அறுவைப் பிரசவமெனில் இன்னும் பொறுக்க வேண்டும். வயிற்றில் துணி கட்டுவது இதமளிக்கலாம். தசையின் வேலையைத் துணி செய்யாது.

தீபகற்ப மலேசியாவில் மகப்பேற்று விடுப்பு 2023 ஜனவரி 1 முதல் 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்த்தப்பட்டுள்ளது. வாளி தூக்கத் திரும்புமுன் அந்நாள்களில் பயிற்சியைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொள்ளலாம்.