சின்னப் பலகையில் பாட்டிமார் குரல்

மைகாட் அளவுதான் இருக்கும். திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது. கூலாயில் என் வீட்டுப் புத்தக அலமாரியின் மேல்தட்டில் ஒரு குட்டிக் கணினி ஐந்து ஆண்டுகளாக இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைக் கைப்பேசி மின்னூட்டி என்றே நினைக்கிறார்கள். பெயர் ராஸ்பெர்ரி பை. எபென் அப்டன் என்பவரும் அவருடைய நண்பர்களும் பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகள் நிரல் எழுதிப் பழக வேண்டும் என்பதற்காக உருவாக்கிய ஒற்றைப் பலகைக் கணினி இது. 2012 பிப்ரவரி 29ஆம் நாள் 35 அமெரிக்க டாலருக்கு விற்பனைக்கு வந்தது. பிள்ளைகளுக்காகச் செய்ததைப் பெரியவர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். இன்று இது டியூஷன் வகுப்பிலும் இருக்கும், கண்காணிப்புக் கேமராவுக்குப் பின்னாலும் இருக்கும், தொழிற்சாலையிலும் இருக்கும்.

என்னுடையதில் இருப்பவை குரல்கள். வானொலி வேலையில் சேர்ந்த நாளிலிருந்து, நிகழ்ச்சிக்கென்று இல்லாமல் என் ஆசைக்காக, தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர்களைப் பதிவு செய்து வருகிறேன். தாலாட்டு, ஒப்பாரி, பால்மரக் காட்டு வேலைப் பாட்டு, அப்பா சயாம் மரண ரயில் வேலைக்குப் போய்த் திரும்பாத கதை என எல்லாம் அதில் உண்டு. பேசியவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. ஒரு பாட்டியின் பேத்தி ஆண்டுக்கொரு முறை, திதி நாளன்று, "அக்கா, ஆயா பேசுனத அனுப்புறீங்களா?" என்று கேட்பார். அந்தக் கோப்பு இருப்பது இந்தச் சின்னப் பலகையோடு இணைத்த வன்தட்டில்தான்.

அப்படிப்பட்ட கணினியின் இயங்குதளத்தை மாற்றுவதென்றால் கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும். "ஓடிக்கொண்டிருப்பதை ஏன் தொடுகிறாய்?" என்று வீட்டிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் இயங்குதளத்துக்கும் வயதாகும். ராஸ்பெர்ரி பையின் இயங்குதளம் டெபியன் என்ற லினக்ஸ் குடும்பத்திலிருந்து வருவது. டெபியன் ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒரு புதிய பதிப்பை வெளியிடுகிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் மொத்தம் ஐந்து ஆண்டு அளவுக்கு வரும். அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை யாரும் அடைக்கமாட்டார்கள். கணினி ஓடும். கதவு திறந்தபடி ஓடும்.

சின்னக் கணினியை யார் சீண்டப் போகிறார்கள் என்று எண்ண வேண்டாம். 2017இல் ராஸ்பெர்ரி பைகளை மட்டுமே தேடிப் பிடித்த ஒரு தீநிரல் பரவியது. அப்போது எல்லாப் பலகைகளும் 'பை' என்ற பயனர் பெயரோடும் 'ராஸ்பெர்ரி' என்ற கடவுச்சொல்லோடும் வந்தன. அதை மாற்றாமல் விட்டவர்களின் கணினியில் நுழைந்து, கடவுச்சொல்லை மாற்றி, மின்னாணயம் தோண்ட வைத்தது அந்த நிரல். (2022 ஏப்ரலில்தான் இந்தப் பொதுப் பயனரை நீக்கினார்கள்.) நாசா கதை இன்னும் பெரியது. 2018 ஏப்ரலில் அதன் ஜெட் உந்துவிசை ஆய்வகத்துக்குள் யாரோ ஊடுருவி, ஏறக்குறைய 500 மெகாபைட் தரவை எடுத்துச் சென்றார்கள். நுழைந்த வழி, அனுமதியில்லாமல் வலையமைப்பில் இணைக்கப்பட்டிருந்த ஒரு ராஸ்பெர்ரி பை. நாசாவின் தலைமை ஆய்வாளர் அலுவலகமே 2019 ஜூனில் இதை அறிக்கையாக வெளியிட்டது.

இங்கே ஒரு கிளைக்கதை சொல்ல ஆசை. டெபியன் பதிப்புகளுக்கெல்லாம் 'டாய் ஸ்டோரி' படத்துப் பொம்மைகளின் பெயர். தொடக்க காலத்தில் டெபியனை வழிநடத்திய புரூஸ் பெரன்ஸ், படத்தை எடுத்த பிக்சார் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 2021இல் வந்தது புல்ஸ்ஐ, வூடியின் குதிரை. 2023இல் புக்வோர்ம், கைவிளக்கு பிடித்த புழு. 2025 ஆகஸ்ட்டில் டிரிக்சி, நீல நிற டைனோசர். எப்போதும் சோதனையிலேயே இருக்கும் பதிப்புக்கு சிட் என்று பெயர். பொம்மைகளைப் பிய்த்துப் போடுவானே, அந்தப் பக்கத்து வீட்டுப் பையன்!

அதே பொம்மைகள் நடித்த இரண்டாவது படம் 1998இல் ஏறக்குறைய அழிந்தே போனது. யாரோ கொடுத்த ஓர் அழிப்புக் கட்டளையால் படத்தின் பெரும் பகுதி கணினியிலிருந்து மளமளவென்று மறைந்தது. சரி, நகல் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால் நகல் எடுக்கும் ஏற்பாடு சில காலமாகவே சரியாக வேலை செய்யவில்லை. காப்பாற்றியது, அப்போது குழந்தை பெற்றிருந்ததால் வீட்டிலிருந்து பணியாற்றிய கேலின் சூஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கணினி. அதில் ஒரு படி இருந்தது.

நகல் எடுப்பதில் உலகம் முழுக்கச் சொல்லப்படும் கணக்கு மூன்று, இரண்டு, ஒன்று. மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்றாவது வேறு இடத்தில். பீட்டர் குரோக் என்ற புகைப்படக் கலைஞர் சொன்னது. பாட்டிமார் குரலுக்கு நானும் அதையே கடைப்பிடித்தேன். பையின் வன்தட்டில் ஒன்று, மடிக்கணினியில் ஒன்று, கிள்ளானில் அக்கா வீட்டு அலமாரியில் ஒன்று. நகல் முடிந்தது என்று திரையில் வந்த எழுத்தை நம்பி நிறுத்தவில்லை. மடிக்கணினியில் பத்துப் பதினைந்து கோப்புகளைத் திறந்து, தொடக்கத்தில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம், கடைசியில் கொஞ்சம் எனக் காது கொடுத்துக் கேட்டேன். என் தொழிலுக்கு அதுதான் வரும்.

"மேகத்தில் போட்டு வைக்கலாமே?" என்று வானொலி நண்பர்கள் கேட்பதுண்டு. போடலாம்தான். ஆனால் மேகம் என்பதும் மண்ணில் எங்கோ நிற்கும் கணினிதான். நம் கூலாயிலேயே, செம்பனை நின்ற கூலாய் யங் தோட்டத்து மண்ணில், ஒய்டிஎல் நிறுவனத்தின் பசுமைத் தரவு மையப் பூங்கா எழுந்திருக்கிறது. 500 மெகாவாட் வரை மின்திறன் கொண்டதாகத் திட்டமிடப்பட்டது. என் அலமாரிப் பலகை உறிஞ்சுவது சுமார் 5 வாட். கணக்குப் போட்டால் அதைப் போல 100 மில்லியன் பலகைகள்! தோட்டத்துக் கதைகளைச் சொன்னவர்களின் குரல், மாதக் கட்டணத்துக்கு அதே போன்ற தோட்டத்து மண்ணுக்குத் திரும்பிப் போவதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எனக்கு அலமாரியே போதும்.

இனி இயங்குதளத்துக்கு வருவோம். என் பையில் இருந்தது புல்ஸ்ஐ. போக வேண்டியது டிரிக்சி. அக்கா மகன் பாலிடெக்னிக் மாணவன். பள்ளி விடுமுறையில் விருந்தாளியாக வந்தவன், "சித்தி, ஒரே கட்டளைதான் லா. பட்டியல்ல பேர மாத்திட்டு ஏத்திட்டா முடிஞ்சுபோச்சு" என்றான். அவன் சொல்வதும் பொய்யில்லை. மென்பொருள் எங்கிருந்து வர வேண்டும் என்று சொல்லும் பட்டியல் கோப்பில் பழைய பொம்மையின் பெயரை எடுத்துவிட்டுப் புதிய பெயரைப் போட்டு, 'ஏபிடி அப்டேட்', பிறகு 'ஏபிடி ஃபுல் அப்கிரேட்' என்று கட்டளை கொடுத்தால் ஓடும் வண்டியிலேயே இயந்திரத்தை மாற்றிக்கொள்ளலாம். டெபியன் இந்த வழியை ஏற்கிறது. ஆனால் ராஸ்பெர்ரி பை நிறுவனமோ பெரிய பதிப்பு மாறும்போது புது அட்டையில் புதிதாக எழுதித் தொடங்குங்கள் என்றே பரிந்துரைக்கிறது. மேலும், ஓடும் வண்டி முறையில் நடுவிலுள்ள படியைத் தாண்டக்கூடாது. புல்ஸ்ஐயிலிருந்து முதலில் புக்வோர்ம், அதற்குப் பிறகே டிரிக்சி.

வாதம் வளர்வதைவிடச் சோதித்துப் பார்ப்பது நல்லது. இந்தக் குட்டிக் கணினியின் பெரிய வசதி, இயங்குதளம் முழுவதும் விரல் நுனி அளவுள்ள ஒரு மைக்ரோ எஸ்டி அட்டையில் இருப்பதுதான். பையின் திரையிலேயே 'எஸ்டி கார்டு காப்பியர்' என்ற செயலி உண்டு. அதைக்கொண்டு அட்டையை இன்னோர் அட்டைக்கு அப்படியே படியெடுத்தோம். மூல அட்டையைக் கழற்றி உறையில் போட்டு, மேலே 'புல்ஸ்ஐ, தொடாதே' என்று எழுதினேன். குரல்கள் உள்ள வன்தட்டையும் கழற்றி வேறு அறையில் வைத்தேன். தம்பியிடம் படியெடுத்த அட்டையைக் கொடுத்து, "இப்போ உன் கட்டளையக் காட்டு" என்றேன்.

முதல் படிக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நடுநடுவே, பழைய அமைப்புக் கோப்பை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா என்று கேட்கும். நாம் கைப்படத் திருத்திய கோப்பு என்றால் பழையதை வைத்துக்கொள் என்பதே பாதுகாப்பான பதில். எல்லாம் முடிந்து மறுபடி தொடங்கியபோது கணினி விழித்துக்கொண்டது, வைஃபை மட்டும் விழிக்கவில்லை. காரணம் புரிந்ததுதான். புக்வோர்மில் வலையமைப்பைக் கவனிக்கும் நிரலே மாறிவிட்டது. பழைய டிஹெச்சிபிசிடி போய் நெட்வொர்க் மேனேஜர் வந்தது. அதோடு, கணினி தொடங்கத் தேவையான கோப்புகள் 'பூட்' அடைவிலிருந்து அதற்குள் இருக்கும் 'ஃபர்ம்வேர்' அடைவுக்கு இடம் மாறின. பைதான் மொழியின் துணை நிரல்களை முன்புபோல நேராக நிறுவ முடியாது, ஒவ்வொரு வேலைக்கும் தனி மெய்நிகர் சூழல் அமைக்க வேண்டும். வீட்டையே இடம் மாற்றிக் கட்டியிருக்கிறார்கள், பழைய சாவி எப்படிப் பொருந்தும்? தம்பி இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டிச் சரிசெய்தான். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அடுத்த படி இன்னும் பாக்கி இருந்தது.

அந்த அட்டையை அப்படியே வைத்துவிட்டு, மூன்றாவதாகப் புதிய அட்டை ஒன்றை எடுத்தேன். மடிக்கணினியில் 'ராஸ்பெர்ரி பை இமேஜர்' செயலியைத் திறந்து, 64 பிட் டிரிக்சியைத் தேர்ந்தெடுத்து, பயனர் பெயர், கடவுச்சொல், வைஃபை, நாடு மலேசியா என்பதையெல்லாம் முன்கூட்டியே நிரப்பி எழுதினால், அட்டையைச் செருகியவுடன் கணினி தானாக வீட்டு வலையமைப்பில் சேர்ந்துவிடுகிறது. என்னுடைய பழையது 32 பிட். அதிலிருந்து 64 பிட்டுக்குப் போக இதைவிட எளிய வழி கிடையாது. 32 பிட்டில் இன்னொரு சங்கதியும் உண்டு. பழைய முறையில் நேரத்தை எண்ணும் கணினிகளின் கடிகாரம் 2038 ஜனவரி 19ஆம் நாள் நிரம்பி வழிந்து 1901க்குத் திரும்பிவிடும். டிரிக்சியில்தான் டெபியன் 32 பிட் பலகைகளுக்கும் இதைச் சரிசெய்தது.

வேலையைக் காலையில் தொடங்கினேன். கூலாய்க்காரர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பிற்பகல் மூன்று மணிக்குமேல் பூலாய் மலைப் பக்கம் வானம் கறுத்தால் இடி எப்போது விழும், மின்சாரம் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? அட்டையில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் பாதி எழுதிய கோப்புகளோடு அட்டையே கெட்டுப்போகலாம். சிறிய யுபிஎஸ் ஒன்று இருந்தால் நல்லது. மின்னூட்டியும் முக்கியம். நான்காம் தலைமுறைப் பைக்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் தேவை. பசார் மாலாமில் வாங்கிய பழைய கைப்பேசி மின்னூட்டியை மாட்டினால் திரை ஓரத்தில் மின்னல் குறி வந்து எச்சரிக்கும். அந்தக் குறி தெரியும்போது இயங்குதளத்தைத் தொடவே கூடாது.

புதிய அமைப்பில் தமிழ் எழுத்துகள் முதலில் சரியாகத் தெரிகின்றனவா என்று பார்த்தேன். பதிவுகளின் பெயரெல்லாம் தமிழில்தான் வைத்திருக்கிறேன், யூனிகோட் என்பதால் அவை அப்படியே வந்தன. தட்டச்சுக்கு மட்டும் 'ஐபஸ் எம்17என்' தொகுப்பைத் தனியாக நிறுவ வேண்டும். தமிழ்99 விசைப்பலகை அதில் கிடைக்கிறது. பிறகுதான் வன்தட்டைக் கொண்டுவந்து இணைத்தேன். தானாக இணைய வேண்டிய வட்டுகளின் பட்டியலில் அதைச் சேர்க்கும்போது 'நோஃபெயில்' என்ற சொல்லையும் சேர்ப்பது நல்லது. இல்லாவிட்டால் வன்தட்டு கழன்றிருக்கும் நாளில் கணினி தொடங்காமல் அவசர நிலையில் நின்றுவிடும்.

மதியச் சாப்பாட்டுக்குள் எல்லாம் முடிந்தது. மூன்றாம் பாட்டியின் தாலாட்டைப் போட்டுவிட்டேன். தம்பி கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, "இது யாரு சித்தி?" என்று கேட்டான். அவன் பிறப்பதற்கு முன்பே மூடப்பட்ட ஒரு தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். லயம் எங்கே இருந்தது, கோயில் எங்கே இருந்தது என்று கைப்பேசி வரைபடத்தில் தேட ஆரம்பித்தான்.

'தொடாதே' என்று எழுதிய உறை இன்னும் மூன்று மாதம் அலமாரியில் இருக்கும். அதற்குள் புதியதில் ஏதாவது கோளாறு தெரிந்தால் பழைய அட்டையைச் செருக இரண்டு நிமிடம் போதும். கிள்ளானில் இருக்கும் படி போன தீபாவளிக்கு எடுத்தது. அதற்குப் பிறகு பதிவு செய்த நான்கு பேரின் குரல் அதில் இல்லை. விடுமுறை முடிந்து ஊர் திரும்பிய தம்பியின் பையில் புதிய வன்தட்டு ஒன்றைக் கொடுத்தனுப்பினேன்.