பொதுமைப்படுத்திய முதன்மையெண்களும் சீற்றாச் சார்பின் இடைப்பெறுமானமும்

ஒரு துறையின் முடிவுகளுள் எது எந்த அடிப்படையிலிருந்து பெறப்படுகின்றது எனப் பிரித்தறிதல் ஆய்வின் முதற்கடனாகும். இலக்கிய ஆய்வில் நாம் அடிக்கடி தவறவிடும் இக்கடனைக் கணிதவியலாளர் எத்துணைக் கண்டிப்புடன் நிறைவேற்றுகின்றனர் என்பதற்குப் பொதுமைப்படுத்திய முதன்மையெண் தொகுதிகள் பற்றிய ஆய்வு தக்க சான்றாகும்.

ஒன்றிலும் பெரிய ஒவ்வோர் இயற்கை எண்ணும் முதன்மையெண்களின் பெருக்கமாக ஒரே வழியில் அமைகின்றது. ஆனால் எண்களுக்குக் கூட்டல் என்னும் உறவும் உண்டு. அடுத்தடுத்த எண்களிடையே ஒன்று என்னும் இடைவெளி நிலைப்பது அதனாலேயே. சுவீடன் நாட்டுக் கணிதவியலாளர் ஆர்னே பேர்லிங் 1937இல் கூட்டலை நீக்கிப் பெருக்கலை மாத்திரம் எடுத்துக்கொண்டார். ஒன்றிலும் பெரியனவாய் எல்லையின்றி வளரும் மெய்யெண் வரிசையொன்றை முதன்மையெண்கள் எனவும், அவற்றின் பெருக்கங்களை முழுவெண்கள் எனவும் கொண்டார். ஓர் எல்லைவரையுள்ள முழுவெண்களின் தொகை அவ்வெல்லைக்குப் போதிய நெருக்கத்தில் விகிதசமமாயின், முதன்மையெண் தேற்றம் இங்கும் செல்லுபடியாகும் என அவர் நிறுவினார். எனவே அத்தேற்றத்துக்குக் கூட்டல் இன்றியமையாததன்று.

இனிச் சீற்றாச் சார்பை நோக்குவோம். முழுவெண்களின் தலைகீழ்களை ஒரு சிக்கலெண் அடுக்குக்கு உயர்த்திக் கூட்டுவதால் அது பிறக்கின்றது. தொடர் ஒருங்காத இடங்களில் அதன் நீட்சியையே கருதுவர். அடுக்கின் மெய்ப்பகுதியை நிலையாக வைத்து, கற்பனைப்பகுதியை நீண்ட ஆயிடையொன்றில் நகர்த்தி, சார்பினது மட்டின் வர்க்கத்துக்குச் சராசரி காண்பதே இங்கு கூறப்படும் இடைப்பெறுமானம். வர்க்கத்தை விரிக்கும்போது, ஓர் எண் தன்னோடு பெருகும் உறுப்புகள் நிலைக்கும். வெவ்வேறு எண்களின் குறுக்குறுப்புகளோ அலைந்து சராசரியில் மறையும். இயற்கை எண்களில், மெய்ப்பகுதி அரையாயின், இச்சராசரி ஆயிடையின் மடக்கையைப் போல வளரும் என ஹார்டியும் லிற்றில்வூட்டும் 1918இல் காட்டினர்.

குறுக்குறுப்புகள் மறைவதற்கு எண்கள் விலகி நிற்றல் வேண்டும். பேர்லிங்கின் தொகுதிகளில் இதற்கு உத்தரவாதமில்லை. 3, 3.0001 ஆகிய இரண்டும் முதன்மையெண்களாயுள்ள தொகுதியொன்றைக் கருதுக. அவற்றின் குறுக்குறுப்பு அலையும் வேகம் அவற்றின் மடக்கைகளின் வேறுபாடே. அது ஏறத்தாழ 30,000இல் ஒரு பங்காகும். ஆயிடை 30,000இலும் மிகக் குறுகியதாயின் இரண்டும் ஒரே எண்போலத் தோன்றி, ஓர் எண் தரும் பங்கின் நான்கு மடங்கைத் தரும். ஆயிடை அதனினும் மிக நீண்டால் மாத்திரமே பிரிந்து, இரு மடங்கைத் தரும். முழுவெண்கள் எல்லையின்றி நெருங்கிவரும் தொகுதிகளில், மெய்ப்பகுதி ஒன்றிலும் குறைந்தவிடத்து, இதுவே பெரும் இடராகின்றது.

முதன்மையெண் தேற்றத்துக்கு வேண்டப்படாத கூட்டல், இடைப்பெறுமானத்திலே இடைவெளி என்னும் வடிவில் மீண்டும் வந்து நிற்கின்றது. இதன் முக்கியத்துவம் பெரிது. சீற்றாச் சார்பின் வெளிப்படையல்லாத பூச்சியங்கள் யாவும் மெய்ப்பகுதி அரையான கோட்டில் உள்ளன என்பது றீமான் 1859இல் முன்வைத்த கருதுகோள். முழுவெண்கள் மிகச் சீராகப் பரந்திருந்தும் அதற்கு நிகரான கூற்றுப் பொய்க்கும் தொகுதிகளை 2006இல் டயமண்ட், மொன்ற்கொமறி, வோர்ஹவர் ஆகியோர் அமைத்துக் காட்டினர். ஆகவே பெருக்கலையும் பரம்பலின் சீரையும் மாத்திரம் கொண்டு அக்கருதுகோளை நிறுவவியலாது; இயற்கை எண்களுக்கே உரிய ஏதோவொன்று நிறுவலில் இடம்பெற்றே ஆகவேண்டும். பொதுமையை அதன் எல்லைவரை கொண்டுசென்றமையாலேயே தனித்தன்மையின் இடம் எதுவெனத் தெரியவந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.