சட்ட, நாடகக் கூட்டுக் கல்வி

சட்ட, நாடகக் கூட்டுக் கல்வி என்பது சட்டத்தையும் நாடகக் கலையையும் ஒரே மாணவர் இணைத்துப் பயில்வதைக் குறிக்கும். ஆஸ்திரேலியாவின் சில பல்கலைக்கழகங்களில், நாடகத்தை முதன்மைப் பாடமாகக் கொண்ட கலைப் பட்டத்தையும் சட்டப் பட்டத்தையும் ஒரே இரட்டைப் பட்டப்படிப்பாகப் பயிலலாம். புதுச்சேரியில் இவை தனித்தனிப் படிப்புகளாக உள்ளன.

முன்னோடிகள்

தமிழ் நாடக வரலாற்றில் இவ்விரு துறைகளிலும் சிறந்து விளங்கியவர் பம்மல் சம்பந்த முதலியார் (1873-1964) ஆவார். இவர் 1891 ஆம் ஆண்டில் சென்னையில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். வழக்கறிஞராகவும், பின்னர் சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதியாகவும் பணியாற்றிக்கொண்டே எண்பதுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதினார். சட்டம் பயின்றவரான சத்தியமூர்த்தியும் இச்சபையின் நாடகங்களில் நடித்துள்ளார்.

இரு துறைகளின் தொடர்பு

தெளிவான உச்சரிப்பு, குரல் கட்டுப்பாடு, பிறர் கூற்றைக் கூர்ந்து கேட்டல் ஆகியன மேடைக்கும் நீதிமன்றத்துக்கும் பொதுவானவை. ஆயினும் நோக்கம் வேறு. நடிகர் கற்பனையை நம்பச் செய்கின்றார்; வழக்கறிஞர் சான்றுகளின் எல்லைக்குள் நின்றே வாதிடவேண்டும்.

நாடகக் கலைஞருக்கும் சட்ட அறிவு தேவைப்படுகின்றது. பிரித்தானிய இந்தியாவில் 1876 ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிகள் சட்டம், நாடகங்களைத் தடை செய்யும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி இதன் எல்லைக்கு அப்பாற்பட்டிருந்தது. சென்னை மாகாணத்தில் 1954 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இத்தகைய சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாதவை என, எழுத்தாளரும் நாடக இயக்குநருமான ஞாநி தொடுத்த வழக்கில் 2013 ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

புதுச்சேரியில்

புதுச்சேரியில் 1838 ஆம் ஆண்டில் பிரெஞ்சுச் சட்டப் பள்ளி தொடங்கப்பட்டது. அம்மரபில் வந்த டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி, நகருக்கு வடக்கே காலாப்பட்டில் அமைந்துள்ளது. அதே காலாப்பட்டில் உள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் (நிறுவப்பட்டது 1985) நாடகக் கலை முதுநிலைப் படிப்பு வழங்கப்படுகின்றது. இந்திரா பார்த்தசாரதி, கே. ஏ. குணசேகரன் ஆகியோர் தலைமை வகித்த இத்துறை, 1922 ஆம் ஆண்டில் புதுச்சேரியில் காலமான சங்கரதாசு சுவாமிகளின் பெயரைத் தாங்கியது. அவரது சமாதி கருவடிக்குப்பத்தில் உள்ளது.

விதிமுறைகள்

இந்தியாவில் சட்டக் கல்வியை நெறிப்படுத்துவது இந்திய பார் கவுன்சில் எனப்படும் வழக்கறிஞர் கழகம் ஆகும். இதன் 2008 ஆம் ஆண்டு விதிகளின்படி, பள்ளிப் படிப்புக்குப்பின் 5 ஆண்டு ஒருங்கிணைந்த படிப்பையோ, ஏதேனும் ஒரு பட்டத்துக்குப்பின் 3 ஆண்டுப் படிப்பையோ மேற்கொள்ளலாம். மாதிரி நீதிமன்றப் பயிற்சி கட்டாயமானது. சட்டம் பயிலும்போதே மற்றொரு முறையான பட்டப்படிப்பில் சேர்வதை இவ்விதிகள் தடை செய்கின்றன. ஒரே நிறுவனம் வழங்கும் ஒருங்கிணைந்த பட்டப்படிப்புக்கு மட்டுமே இத்தடையிலிருந்து விலக்கு உண்டு.

எனவே இரண்டையும் விரும்பும் மாணவர் ஒன்றன்பின் ஒன்றாகவே பயிலவேண்டும். 5 ஆண்டுச் சட்டப் படிப்புக்குப்பின் 2 ஆண்டு நாடக முதுநிலைப் படிப்பை மேற்கொண்டால் மொத்தம் 7 ஆண்டுகள் ஆகும். இளநிலைப் பட்டம், 3 ஆண்டுச் சட்டப் படிப்பு, நாடக முதுநிலைப் படிப்பு என்னும் வழியில் 8 ஆண்டுகள் ஆகும். எனினும் மாணவர் நாடகக் குழுக்களில் பங்கேற்பதற்கு இத்தடை பொருந்தாது.